முள் இரண்டில் நிற்கட்டும்

அன்று காலை மலையடிவாரத்தில் என் வண்டியைச் சுற்றி நின்றவர்கள் ஏழு பேர். நான், என் மனைவி, வண்டியை விலைக்கு வாங்கத் திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த வியாபாரி, அவர் கூட்டிவந்த மெக்கானிக், சந்தையில் கடுக்காய் விற்றுவிட்டு அரிசி மூட்டைகளோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அக்கா, அந்த அக்காவின் வீட்டுக்காரர். ஏழாவது ஆள் அவள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பேர் போடவில்லை. போட்டால் போன் செய்து, எதற்காக என் பேரை இழுத்தீர்கள் என்று கேட்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். என்னை அண்ணா என்பாள், நான் தங்கச்சி என்பேன். இரண்டு பேரும் ஒரே மலைச் சாலையில் ஆள் ஏற்றிய டாக்ஸிக்காரர்கள். இருவரிடமும் இருந்தது ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. அவளுடையது என்னுடையதைவிட நான்கு வருடம் பழையது. ஆனாலும் அவள் வண்டி ஏறும், என் வண்டி முனகும்.

அன்று என் வண்டி கைமாற இருந்தது. ஒன்றரை வருடத்தில் மூன்று க்ளட்ச் பிளேட் மாற்றியாகிவிட்டது. வளைவுகளில் இன்ஜின் ஊரைக் கூட்டும், வண்டி நகராது, கருகின வாடை வரும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ போய்விட்டது, சரிசெய்ய ஒரு லட்சம் ஆகும் என்று வியாபாரியின் மெக்கானிக் சொன்னார். நான் நம்பிவிட்டேன். கெட்ட சேதி என்றால் நான் உடனே நம்புவேன். பாதி விலைக்குப் பேசி, பதினைந்தாயிரம் அட்வான்ஸ் வாங்கி, அன்றைக்கே அதை வண்டிக் கடனின் தவணைக்குக் கட்டியும் விட்டேன். வண்டி போனால் நான் மறுபடி பெங்களூரில் அடுக்குமாடி வீட்டு வாசலில் காவலுக்கு நிற்க வேண்டும். முன்பு ஐந்து வருடம் நின்றவன். மனைவி இங்கே, நான் அங்கே. அதை நினைத்து ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. கடுக்காய் அக்கா சொல்லிவிட்டிருக்கிறார்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. எது எவ்வளவு தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு குண்டுமணி ஏற்ற மாட்டாள். அதற்குக் கீழே ஏற்றினாலும் அவளுக்குப் பொறுக்காது.

வண்டியில் ஆட்களை உட்கார வைப்பதிலேயே அது தெரிந்துவிடும். மற்ற வண்டிகளில் முன் சீட்டு மரியாதைக்கு. அவள் வண்டியில் எடைக்கு. ஏற்றத்தில் பின்பக்கம் பாரம் கூடினால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. ஆகவே கனமானவர்கள் முன்னாலும் நடுவிலும், ஒல்லியானவர்கள் கடைசி சீட்டில். ஏறும் முன்பே ஆளை ஒரு பார்வை பார்ப்பாள். ரேஷன் கடைத் தராசில் நிறுத்தினாலும் இரண்டு கிலோவுக்கு மேல் தப்பாது. ஒரு முறை எங்கள் ஊர்த் தலைவர் வெள்ளை வேட்டியோடு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். குச்சி போன்ற மனிதர். இறங்கிப் பின்னால் போகச் சொன்னாள். அவர் இடத்தில் இட்லிக் கடை அம்மாவை உட்கார வைத்தாள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் கௌரவம் என்ன ஆவது என்று கேட்டார்.

"உங்க கௌரவம் எத்தினி கிலோன்னு எனக்குத் தெரியாது, தலைவரே. உடம்பு நாப்பத்தஞ்சு. பின்னாடி குந்துங்க."

அவர் போய் இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவில் முட்டியை மடித்து உட்கார்ந்துகொண்டார். இட்லிக் கடை அம்மா ஊர் வரும்வரை சிரித்தார்.

இன்னொரு முறை, மழை நாள். கீழிருந்து கிளம்பும்போது ஏழு பேரும் இருந்தார்கள். பாதி வழியில் குடையில்லாமல் ஒரு ஆள் கைகாட்டினார். அது அவள் வீட்டுக்காரர். வண்டி நின்றது. கண்ணாடியை இறக்கி, தன் குடையை அவர் கையில் கொடுத்து, கடைசி பஸ்ஸில் வரும்படி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். வண்டிக்குள் எல்லோரும், நெருக்கி உட்கார்கிறோம், ஏற்றிக்கொள் என்றிருக்கிறார்கள். நெருக்கி உட்காரலாம், ஆனால் எடை நெருங்காது என்றாளாம். இந்தக் கதையை அவள் வீட்டுக்காரரே டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். நானாக இருந்தால் எட்டாவது ஆளாக ஏற்றியிருப்பேன். ஏற்றிவிட்டு மேலே போகும்வரை பயந்துகொண்டே இருந்திருப்பேன்.

மனிதர்களையும் அப்படித்தான் நிறுப்பாள். என் மனைவியிடம் ஒருநாள், அண்ணனிடம் ஒரு நாளைக்கு ஒரு கெட்ட சேதிக்கு மேல் சொல்லாதீர்கள், இரண்டு தாங்க மாட்டார் என்றிருக்கிறாள். அன்றிலிருந்து என் மனைவி கேஸ் தீர்ந்ததை ஒரு நாள், மாமியாருக்கு முடியாததை மறுநாள் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த மாதங்களில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வண்டியோடு வந்த தடிப் புத்தகத்தைப் பூஜை சாமான் மாதிரி பிளாஸ்டிக் உறையோடு வைத்திருந்தேன். அவள் பன்னிரண்டாவது முடித்தவள். ஒருநாள் உறையைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டுக் கொடுத்தாள். இத்தனை பக்கத்தில் நமக்கு வேண்டியது இந்த வரிதான் என்றாள். இன்ஜின் அதிகமாக இழுப்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் என்று அதில் போட்டிருந்தது. மீட்டரில் முள் இரண்டைச் சுற்றி, அதாவது இரண்டாயிரம் சுற்றில், நிற்கும் இடம் அது. அதிகபட்சப் பவர் வேண்டும் என்றால் முள் நான்குக்குப் போக வேண்டும். அந்த நாலு எக்ஸ்பிரஸ் ரோட்டுக்காரனுக்கு, நமக்கு ரெண்டு போதும் என்பாள்.

அந்த இழுவையை டார்க் என்கிறார்களே, பவர் என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேறு யாருக்கோ காட்டியதை நான் பார்த்தேன். அருவி பார்க்க வந்த வெளியூர்ப் பையன்கள் நாலு பேர், பளபளவென்று ஒரு பெட்ரோல் கார், பஞ்சராகி ஓரமாக நின்றிருந்தது. சக்கரத்து நட்டு துருப்பிடித்து இறுகிக்கிடந்தது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தும் அது அசையவில்லை. அவள் இறங்கிப் போனாள். நானும் என் வண்டியை நிறுத்திவிட்டுப் போனேன். எவனாவது அடிபட்டுக்கொள்வானோ என்ற கவலை எனக்கு. அவள் தன் வண்டியிலிருந்து ஒரு முழ நீள இரும்புக் குழாயை எடுத்து, ஸ்பேனரின் பிடியில் செருகி, ஒரு கையால் அழுத்தினாள். நட்டு கீச்சென்று திரும்பியது. ஒருவன், எங்கள் வண்டி உங்கள் வண்டியைவிடப் பவர் ஜாஸ்தி என்று சம்பந்தமில்லாமல் சொன்னான். வெட்கம்தான், வேறென்ன.

அவள் குழாயை உருவிக்கொண்டே சொன்னாள்: "இருக்கட்டும் தம்பி. நட்டைத் திருப்புற பலம் இருக்குதே, அது டார்க்கு. அதையே நிமிசத்துக்கு எத்தினி வாட்டி திருப்புறேங்கிறது சேர்ந்தாத்தான் பவரு. இம்மாநேரம் நீ வேகமாத்தான் குதிச்ச. நட்டு திரும்புச்சா?"

அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. ஆனால் என் காலுக்குப் புரியவில்லை.

ஒருநாள் அவள் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. என் வண்டியில் ஆளாக ஏறி வந்தாள். ஊரில் இறங்கும்போது, உங்கள் வண்டிக்கு ஒரு நோவும் இல்லை, உங்கள் இடது கால்தான் பயப்படுகிறது என்றாள். கியர் போட்ட பிறகு க்ளட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். நான் எடுப்பதில்லை. வண்டி பின்னால் உருண்டுவிடுமோ, நின்றுவிடுமோ என்று ஏற்றம் முழுக்கக் கால் அதன் மேலேயே லேசாக மிதித்துக்கொண்டிருக்கும், பிளேட் உரசிக் கருகும். மிதிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. தெரியாத குற்றத்தை எப்படி ஒப்புக்கொள்வது? நான் அவள் சொன்னதை நம்பவில்லை. டர்போ போய்விட்டது என்றவரை நம்பினேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். வியாபாரி ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிவிட்டார். அப்போதுதான் அவள் வண்டி வந்து நின்றது. வண்டி ஏறவில்லை என்றால் இன்ஜின் ஏறவில்லையா, சக்கரம் ஏறவில்லையா என்று மெக்கானிக்கிடம் கேட்டாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றார் அவர்.

"அப்ப இன்ஜின் குடுக்குது. சக்கரத்துக்குப் போய்ச் சேரல. நடுவுல யாரு புடுங்கிக்கிறாங்க?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

வியாபாரி விடவில்லை. நீ ஓட்டினால் எந்த வண்டியும் ஏறும், அது கணக்கில்லை என்றார். தான் ஓட்டப் போவதில்லை, வண்டிக்காரரே ஓட்டுவார் என்றாள். ஏழு பேரும் ஏறுவோம், மூட்டையும் ஏறட்டும். மேல் ஊர்வரை ஒரு இடத்தில் கருகின வாடை வந்தால் வண்டியை இன்னும் பத்தாயிரம் குறைத்து எடுத்துக்கொண்டு போங்கள். வராவிட்டால் விற்பனை இல்லை. வியாபாரி சிரித்துக்கொண்டே சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

மெக்கானிக் முன் சீட்டில் உட்காரப் போனார். அவரை நடுவில் தள்ளிவிட்டுக் கடுக்காய் அக்காவை முன்னால் ஏற்றினாள். அவள் கடைசி சீட்டில், மூட்டைகளுக்குப் பக்கத்தில். ஏறும் முன் என் பக்கம் வந்து இடது கால் செருப்பை மட்டும் கழற்றச் சொன்னாள். கால் வெறுமனே தரையில் படிந்திருந்தால் இன்ஜினின் அதிர்வு தெரியும், காது ஏமாற்றும், பாதம் ஏமாற்றாது என்றாள். பிறகு அக்காவின் மடியிலிருந்த குடையைக் காட்டினாள்.

"அக்கா, அண்ணன் காலு தரையை விட்டு அந்தக் க்ளட்ச்சுக் கட்டை மேல ஏறுச்சுன்னா, முட்டியில ஒண்ணு போடு."

"அய்ய, நான் என் வூட்டுக்காரனையே அடிச்சதில்ல."

நடுச் சீட்டிலிருந்து வீட்டுக்காரர், "இன்னாது?" என்றார்.

வண்டி கிளம்பியது. முதல் வளைவுக்குள் மூன்று அடி வாங்கினேன். அக்கா பொய்யாக அடிக்கவில்லை. இரண்டாவது வளைவில் இரண்டு. ஒவ்வொரு அடியும் விழுந்த பிறகுதான் என் கால் அங்கே போயிருப்பது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வளைவில் அடி விழவில்லை. பாதத்துக்குக் கீழே தரை சன்னமாக, ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தேன். முள் இரண்டில் நின்றது.

நாலாவது வளைவுதான் எங்கள் சாலையிலேயே செங்குத்து. மேலிருந்து பஸ் இறங்கியது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, ஆனால் பஸ்காரருக்கு யார் சொல்வது? ஒதுங்கி நின்றேன். பஸ் போய்விட்டது. நான் கிளம்பவில்லை. ஏழு பேர், நாலு மூட்டை, பின்னால் பள்ளம். கண்ணாடியில் வியாபாரியின் முகம் தெரிந்தது. அவர் மூக்கை உறிஞ்சி வாடை பிடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசி சீட்டிலிருந்து அவள் குரல் வந்தது. ஆளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமான குரல்.

"ஹேண்ட் பிரேக்கு போட்டுதான கீது. அது தாங்கும்ணா. முள்ளை ஒண்ணரைக்கு மேல கொண்டாங்க, டர்போ முழிச்சிக்கும். க்ளட்ச்சை மெதுவா தூக்குங்க, வண்டி மூக்கைத் தூக்கும். அப்ப பிரேக்கை விட்டுட்டு, அந்தக் காலையும் முழுசா விட்டுடுங்க. பாதி விடாதீங்க."

முழுதாக விடுவது என்றால் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது. வண்டிக்கு மட்டும் சொல்லவில்லை, என் வாழ்க்கையில் எதையும் நான் முழுதாக விட்டதில்லை. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன். முள் ஒன்றரையைத் தாண்டியது, க்ளட்ச்சை மெதுவாகத் தூக்கினேன், வண்டியின் மூக்கு உயர்ந்தது, பிரேக்கை இறக்கினேன், காலை எடுத்துத் தரையில் வைத்தேன். ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு வண்டி என்னைக் கேட்காமல், சத்தம் போடாமல், ஏறியது. இரண்டாயிரம் சுற்றில் ஒரு டீசல் இன்ஜின் பாரத்தைத் தோளில் வாங்குகிற அந்த அடித்தொண்டைச் சத்தம், என் வண்டிக்குள்ளேயே அவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. நான்தான் அதன் குரல்வளையில் காலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேல் ஊர்வரை வாடை வரவில்லை. அக்கா குடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு, மற்றவர்களைத் திரும்பக் கீழே கொண்டுவந்து விட்டேன். வியாபாரி ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பித் தந்தார். கை நீட்டிக்கொண்டே நின்றார். அட்வான்ஸ். வண்டி ஏறுமா என்ற கவலையில் அந்தப் பதினைந்தாயிரத்தை மறந்தே போயிருந்தேன். அன்று மாலைக்குள் வராவிட்டால் பேசின விலைக்கே வண்டியைத் தூக்கிக்கொண்டு போவேன் என்றார். என் மனைவி தோட்டை அடகு வைக்கலாமா என்று கையைக் காதுக்குக் கொண்டு போனாள். கவரிங் என்பது அப்போது அவளுக்கே மறந்துவிட்டது.

அவள் தன் வண்டியின் டேஷ் போர்டைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து, எண்ணி வியாபாரியிடம் கொடுத்தாள். அது என்ன பணம் என்று எனக்குத் தெரியும். நாலு டயர் மாற்றச் சேர்த்துக்கொண்டிருந்த பணம். டயர் தேய்ந்து மொழுக்கையாகிவிட்டதை நானே பலமுறை காட்டிப் பயமுறுத்தியிருக்கிறேன். வேண்டாம் தங்கச்சி, மழை வருகிறது, டயர் என்றேன். ஏழு பேருக்கு இந்த டயர் தாங்காதுதான், நாலு பேரை மட்டும் ஏற்றினால் இரண்டு மாதம் தாங்கும் என்றாள். இரண்டு மாதமும் நாலு பேரைத்தான் ஏற்றினாள். மிச்சப் பேரை என் வண்டிக்கு அனுப்பினாள். சொன்ன மாதிரியே இரண்டு மாதம் முடிந்து டயர் மாற்றினாள். அந்த இரண்டு மாதமும் அவள் வண்டி ஊர் வந்து சேர்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஏன் கொடுத்தாய் என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன். பாசம், தர்மம் என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"உங்க வண்டி போய்ட்டா மொத்த ஊரும் என் வண்டிக்குத்தான வரும்? நான் எத்தினி பேரைண்ணா ரோட்டுலயே வுட்டுட்டுப் போவேன்?"

அவ்வளவுதான் சொன்னாள்.

போன வருடம் பையன் படிப்புக்காகக் கண்ணமங்கலத்துக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு அரிசி மண்டிக்குச் சின்ன லாரி ஓட்டுகிறாள். சமவெளி ரோடு. முள் இரண்டுக்கு மேல் போக வேண்டிய அவசியம் அங்கேயும் இல்லை என்கிறாள். மலையில் இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அதற்குப் பிறகு க்ளட்ச் பிளேட் மாற்றவில்லை. எண்ணிக்கொண்டே இருக்கிறேன், கண் பட்டுவிடுமோ என்று வெளியில் சொல்வதில்லை. இங்கே எழுதிவிட்டேன், பார்ப்போம்.

அந்தப் பதினைந்தாயிரத்தை அடைக்கும் கணக்கையும் அவள்தான் வைத்தாள். மாதம் ஐந்நூறு. ஒரு சமயம் ஆயிரம் கொண்டு போனேன். பாதியைத் திருப்பித் தந்தாள். கடன் என் தலைமேல் தொங்கினால் எனக்குத் தூக்கம் வராதே என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஐந்நூறுதான்.

இந்த மாதம் சவாரி நன்றாக இருந்தது. மீதி மூவாயிரத்தையும் ஒரே தடவையில் போனிலேயே அனுப்பிவிட்டேன். அப்பாடா என்று மொபைலைக் கீழே வைப்பதற்குள் அழைப்பு வந்தது. நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டிட்டீங்களாண்ணா?"

கட்டவில்லை. தேதி இந்த மாதம் முடிகிறது. எனக்கு மறந்தே போயிருந்தது. கண்ணமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு அது அவளுக்கு எப்படி நினைவிருந்தது என்று கேட்கப் போனேன். மொதல்ல அதைக் கட்டுங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் பணம் திரும்பி வந்தது, ஐந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டு.

பாக்கி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.